பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டைப் பழுது பார்த்துக் காப்பது எப்படி

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொடங்கி 1940-கள் வரை கட்டப்பட்டவை. பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று கொண்டுவிற்க (வணிகம் செய்ய) போன இடங்களிலிருந்து வந்த பணம் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், அரிமளம், இராயவரம் என்று ஊர் ஊராகத் தேக்கும் பளிங்கும் சுண்ணாம்புமாக நின்றது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தது. 1960-களில் அங்கே வங்கிகளும் தொழில்களும் அரசுடைமை ஆயின. வருமானம் நின்றபின் குடும்பங்கள் சென்னைக்கும் கோவைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, வீடுகள் பூட்டோடு நிற்கின்றன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. ஆனாலும் ஓடு மாற்றுவதும் வடிகால் தூர் எடுப்பதும் வீட்டுக்காரர் வேலைதான்.

இந்த வீடுகள் தாமாக விழுவதில்லை. தண்ணீர் இறங்கி விழுகின்றன. இல்லையென்றால் தவறான பழுது பார்த்து விழுகின்றன. கல்யாணமோ சாந்தியோ (அறுபது, எண்பது வயது நிறைவு விழா) நிச்சயமானதும் இரண்டு வாரம் முன்னால் ஆள் விட்டு, சுவரைச் சுரண்டிச் சிமென்ட் பூசி, மேலே எமல்ஷன் அடித்து, தூணுக்கு வார்னிஷ் போட்டுவிட்டுப் போகிறார்கள். கூரையை யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. அடுத்த ஐப்பசி மழையில் அந்தப் பூச்சு பாளம் பாளமாக வருகிறது. வேலையின் வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும்: முதலில் கூரை, பிறகு வடிகால், பிறகு கரையான். சுவர், தரை, மரம் எல்லாம் அதற்கப்புறம்.

பங்காளிகளின் ஒப்புதல்

வளவை, அதாவது நடு முற்றம் உள்ள பகுதியைச் சுற்றியுள்ள இரட்டை வீடுகள் (இணை அறைகள்) ஒவ்வொன்றும் ஒவ்வொரு மகனுக்கு என்று ஒதுக்கப்பட்டவை. இரண்டு மூன்று தலைமுறை கடந்தால் அந்த அறைக்கே நான்கைந்து பேர் பங்குதாரர் ஆகிவிடுகிறார்கள். முகப்பு, பட்டாலை என்னும் கூடம், வளவு முற்றம், கூரை ஆகியவை எல்லோருக்கும் பொது. ஆகவே கூரை வேலைக்கு ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட முடியாது, ஒருவர் மட்டும் பணம் போடுவதும் நிலைக்காது.

பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது நான்கையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டின் தரைப்படம் ஒன்று வரைந்து, எந்த அறை யார் பங்கு, எது பொது என்று எழுதி எல்லாப் பங்காளிகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவரிடம் அதிகாரப் பத்திரம் வாங்க நாளாகும். வேலை தொடங்கும் மாதத்துக்கு ஆறு மாதம் முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். பொதுச் செலவைப் புள்ளிக் கணக்கில் (மணமான குடும்பம் ஒன்றுக்கு ஒரு புள்ளி) பிரிப்பதா, பங்குக் கணக்கில் பிரிப்பதா என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். கோயில் வரி புள்ளிக் கணக்கில்தான் என்பதால் பலரும் அதையே வீட்டுக்கும் சொல்வார்கள். ஆனால் ஒரு பங்கில் ஒரு புள்ளியும் இன்னொரு பங்கில் ஏழு புள்ளியும் இருக்கும்போது அது மனக்கசப்பில் முடியும். வீட்டுச் செலவுக்குப் பங்குக் கணக்கே நியாயம்.

படைப்பு (முன்னோர் வழிபாடு) நடக்கும் வீடாக இருந்தால் அந்த அறையையும் அங்குள்ள பெட்டியையும் பங்காளிகள் கூடிப் பேசாமல் தொடக்கூடாது. கொத்தனாரிடம் சாவி கொடுக்கும்போதே அந்த அறையைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.

மழையில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்

வெயில் நாளில் எந்த வீடும் நன்றாகத்தான் தெரியும். பலத்த மழை பெய்யும்போது ஒருவர் வீட்டுக்குள் சுற்றி, எங்கே சொட்டுகிறது, எந்தச் சுவரில் தண்ணீர் வழிகிறது, முற்றத்தில் எவ்வளவு நேரம் தேங்குகிறது என்று தரைப்படத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ஊரில் யாரும் இல்லாவிட்டால் வீடு பார்த்துக்கொள்பவரிடம் செல்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். மழை நின்று மூன்று நாள் கழித்து மறுபடியும் ஒரு முறை படம் எடுக்கச் சொல்லுங்கள். மூன்று நாளிலும் காயாத இடம் பெரும்பாலும் ஒழுகலால் நனைந்தது அல்ல, அடியிலிருந்து ஈரம் ஏறுகிற இடம். இரண்டுக்கும் மருந்து வேறு.

சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓடு உடைந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் ஓட்டைத் தாங்கும் ரீப்பரிலும் கைமரத்திலும் ஓடி, கீழே எங்கோ சொட்டும். மரத்தில் கறுத்த தடத்தைப் பிடித்து மேல்நோக்கிப் போனால் நுழைந்த இடம் கிடைக்கும்.

ஓட்டுக் கூரை

ஓடு பிரித்து மேய்வதைப் பங்குனியில் தொடங்கி ஆனிக்குள் முடித்துவிட வேண்டும். ஆடி, ஆவணியிலேயே மாலை இடிமழை வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. பிரித்த கூரையோடு மழையில் மாட்டிக்கொண்டால் கீழே உள்ள பூச்சும் ஆத்தங்குடிப் பூக்கல் தரையும் ஒரே இரவில் கெடும்.

நாட்டு ஓடு ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்காகக் கிடக்கும். அதனால்தான் வீட்டுக்குள் வெயில் இறங்குவதில்லை. செலவைக் குறைக்க ஒற்றை அடுக்காக மேய்ந்தால் வெப்பமும் ஏறும், ஒழுகலும் வரும். பிரித்த ஓட்டை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று சத்தம் வந்தால் நல்லது, மந்தமாக வந்தால் விரிசல். நல்ல ஓட்டைத் தூரிகையால் துடைத்து, பாசியை எடுத்து, மறுபடியும் பயன்படுத்துங்கள். பழைய ஓடு புது ஓட்டைவிட உறுதி. குறைகிற அளவுக்குப் பக்கத்தில் இடிக்கிற வீடுகளில் பழைய ஓடு கிடைக்கும். புது ஓட்டையும் பழைய ஓட்டையும் ஒரே வரிசையில் கலக்காதீர்கள். வளைவு பொருந்தாமல் இடைவெளி விழும். புதியதை ஒரு சரிவு முழுக்கப் போட்டு, பழையதை மற்றச் சரிவுகளுக்கு ஒதுக்குவது நல்லது.

வளவைச் சுற்றி நாலு பக்கச் சரிவும் கூடும் மூலைகள்தான் கூரையிலேயே பலவீனமான இடம். கூடல்வாய் என்று சொல்லும் அந்தப் பள்ளத்தில் இரண்டு சரிவின் தண்ணீரும் சேர்ந்து ஓடுகிறது. அங்கே குப்பையும் வேப்பிலையும் அடைத்தால் தண்ணீர் பக்கவாட்டில் ஓட்டுக்கு அடியில் ஏறி, மூலைக் கைமரத்தை உளுக்க வைக்கும். பல வீடுகளில் மூலைத் தூணுக்கு மேலே உள்ள மரம் மட்டும் கறுத்திருப்பது இதனால்தான். பள்ளத்தில் பதித்த பழைய தகடு துருப்பிடித்திருந்தால் அதன் மேல் இன்னொரு தகட்டை வைக்காமல் முழுக்கக் கழற்றி, குறைந்தது 2 அடி அகலத்துக்குப் புதுத் தகடு போட்டு, இரு புறமும் ஓட்டுக்கு அடியில் 8 அங்குலமாவது நுழையும்படி செய்யுங்கள். ஓட்டின் விளிம்பைத் தகட்டோடு சிமென்ட் கலவையால் ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. அது வெயிலில் வெடித்து, அந்தத் துண்டே பள்ளத்தில் விழுந்து அடைக்கும்.

மயிலும் குரங்கும் ஓட்டை நகர்த்துவது இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு வருஷமும் உண்டு. தடுக்க முடியாது. வருஷம் இரண்டு முறை, ஆடியிலும் தை பிறந்த பிறகும், ஓடு அடுக்கத் தெரிந்த ஆளை ஏற்றி நகர்ந்ததைச் சரிசெய்வதுதான் வழி. ஏறுகிறவர் ஓட்டின் மேல் நேராக மிதிக்காமல், பலகை போட்டு நடக்க வேண்டும்.

தட்டையான தளம்

முகப்பு மாடியும் சில பின்கட்டுகளும் (வீட்டின் பின்பகுதிகள்) மெட்ராஸ் தளமாக இருக்கும். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்தாகக் கோணத்தில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, மேலே தட்டோடு பதித்த தளம் அது. ஒழுகினால் உடனே சிமென்ட் தளம் போடச் சொல்வார்கள். 100 சதுர அடிக்கு 1 அங்குலம் சிமென்ட் கலவை போட்டால் ஏறக்குறைய அரை டன் பாரம். நூறு வயதுச் சட்டத்தின் தலையில் அந்தப் பாரம் ஏறும். சுண்ணாம்பும் சிமென்டும் வெயிலில் ஒரே அளவாக விரிவதும் இல்லை. இரண்டு கோடை கழிந்தால் வெடிப்பு வரும். அதற்குள் இறங்கிய தண்ணீர் மேலே வர வழியில்லாமல் சட்டத்துக்குப் போகும். தார்ச் சீலையும் இதே குற்றம்தான் செய்கிறது.

சிறு வெடிப்பானால் அதை ஆங்கில வீ வடிவில் அரை அங்குலம் வெட்டித் திறந்து, தூசி போகக் கழுவி, ஈரமாக வைத்து, சுண்ணாம்புக் கூழ் 1, சுர்க்கி என்னும் செங்கல் தூள் 1, சலித்த மணல் 1 என்ற கலவையை அழுத்தி அடையுங்கள். ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு மூடி வையுங்கள்.

பெரிய பரப்பு என்றால் தட்டோட்டை எடுத்து, சுண்ணாம்பு ஜல்லியைப் புதிதாகப் போட வேண்டும். சராசரி 4 அங்குலக் கனம், தண்ணீர் போகும் பக்கம் 60-க்கு 1 என்ற சரிவு. மரக்கட்டையால் அடிப்பதில்தான் தளத்தின் உயிர் இருக்கிறது. வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து நாள் கணக்கில் அடிப்பார்கள். கட்டை அமுங்காமல் துள்ளி எழும்பும் வரை அடிக்க வேண்டும். அடிக்கும்போது தெளிக்கக் கடுக்காய்த் தண்ணீர்: 10 சதுர மீட்டர் பரப்புக்கு உடைத்த கடுக்காய் 600 கிராம், வெல்லம் 200 கிராம், தண்ணீர் 40 லிட்டர். இதை 12 முதல் 24 மணி நேரம் ஊறவைத்துத் தெளிவை மட்டும் எடுங்கள். அடிப்பை இரண்டு நாளில் முடித்துவிடுவதாகச் சொல்லும் ஒப்பந்ததாரரை விட்டுவிடுங்கள். அடிபடாத ஜல்லிக்குள் காற்றறைகள் நின்று, அது பஞ்சுபோலத் தண்ணீரைக் குடிக்கும்.

முற்றத்து வடிகால்

1,000 சதுர அடிக் கூரையில் 1 அங்குல மழை பெய்தால் சுமார் 2,360 லிட்டர் தண்ணீர் முற்றத்தில் இறங்குகிறது. பெரிய வீடுகளின் கூரை இதைப்போலப் பல மடங்கு. கட்டியவர்கள் இதைக் கணக்கிட்டு வளவு முற்றத்திலிருந்து கட்டுக் கட்டாகத் தாழ்ந்து போகும் வடிகாலை அமைத்து, தெருக் கால்வாய் வழியே ஊருணிக்கு விட்டார்கள். பிறகு வந்தவர்கள் குளியலறை கட்டியபோதும் தெருவுக்குச் சிமென்ட் சாலை உயர்ந்தபோதும் இந்த வழி அடைபட்டது.

முற்றத்தில் பத்து வாளி தண்ணீரை ஒரேயடியாக ஊற்றி, வெளியே எங்கே, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். வராவிட்டால் தரையை உடைக்காதீர்கள். மூலையில் உள்ள கல் மூடியைத் தூக்கி, மூங்கில் பிளாச்சாலோ பிளம்பர் கம்பியாலோ இரு முனையிலிருந்தும் குத்தித் தூர் எடுங்கள். உள்ளே வேர் புகுந்திருந்தால் வெளிச்சுவர் ஓரத்து அரச, ஆலங்கன்றுகளைத் தேடுங்கள். மேலே வெட்டிவிட்டால் மறுபடியும் துளிர்க்கும். வேரோடு தோண்டி, புகுந்த இடத்தில் கல்லை எடுத்துச் சுண்ணாம்புக் கலவையால் மறுபடியும் கட்டினால்தான் தீரும்.

சாலை மட்டம் வீட்டு வடிகால் வாயைவிட உயர்ந்திருந்தால் தெருவுக்கு விட முடியாது. பின்கட்டுக் கிணற்றின் பக்கத்தில் உறிஞ்சுகுழி வெட்டி அங்கே திருப்புங்கள். அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 10 அடி தள்ளியே வெட்ட வேண்டும்.

கரையானும் உளுவும்

பர்மாத் தேக்கின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியைக் கரையான் எளிதில் தொடாது. அது நிலைவாசலின் அடிக்கட்டை, பின்னாளில் ஒட்டுப்போட்ட நாட்டு மரம், அலமாரிப் பின்பலகை, கணக்குப் புத்தகக் கட்டு ஆகியவற்றைப் பிடிக்கும். சுவரும் தரையும் சேரும் மூலையில் மண் கோடு தெரிந்தால் துடைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். முதலில் ஒரு அங்குல நீளம் மட்டும் உடைத்து மறுநாள் பாருங்கள். அடைத்திருந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது.

மருந்து அடிக்கப் பயிற்சி பெற்ற ஆளை வையுங்கள். வழக்கமான முறை, தரையும் சுவரும் சேரும் இடத்தில் 1 அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, துளைக்கு 1 லிட்டர் வரை மருந்து செலுத்துவது. இமிடாகுளோப்ரிட் 30.5 எஸ்.சி. என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. பூக்கல் தரையில் கல்லின் நடுவே துளை போடக் கூடாது, இணைப்பில் மட்டுமே போட வேண்டும். முடிந்த வரை வெளிச்சுவர் ஓரம் 1 அடி ஆழம் பள்ளம் எடுத்து அங்கேயே மண்ணுக்கு மருந்து ஊற்றச் சொல்லுங்கள். கிணறு பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் மருந்தே வேண்டாம்.

மரத்தில் குண்டூசித் துளைகளும், கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் அது கரையான் இல்லை, உளு என்னும் மரம் துளைக்கும் வண்டு. தூளைத் துடைத்துவிட்டுக் கறுப்புத் துணி விரித்து வையுங்கள். ஒரு வாரத்தில் புதுத்தூள் விழுந்தால்தான் மருந்து தேவை. பழைய துளை மட்டும் இருந்தால் பூச்சி போய்விட்டது. மெழுகு வைத்து அடைத்தால் போதும்.

சுண்ணாம்புச் சுவர்

செட்டிநாட்டுப் பூச்சின் பளபளப்பு வெள்ளைப் பெயின்ட்டால் வந்தது அல்ல. பல அடுக்குச் சுண்ணாம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்தது. கை வைத்தால் சித்திரை வெயிலிலும் குளிர்ந்திருக்கும். நல்ல நிலையில் இருக்கும் சுவருக்குச் செய்ய வேண்டியது மிகக் குறைவு: மென்மையான பருத்தித் துணியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கீழிருந்து மேலாகத் துடைப்பது. மேலிருந்து துடைத்தால் அழுக்குத் தண்ணீர் வழிந்து கோடு விழும். சோப்பு, பிளீச்சிங், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். மேல் அடுக்கு ஒரு காகிதக் கனம்தான். உப்புத்தாள் ஒரு முறை பட்டால் பளபளப்பு திரும்ப வராது.

யாரோ எமல்ஷன் அடித்துவிட்டிருந்தால், மழுங்கிய மரக் கத்தியால் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். பூச்சின் மேல் பெயின்ட் சரியாகப் பிடிப்பதில்லை என்பதால் பல இடங்களில் தோலாக உரிந்துவிடும்.

சுவரின் கீழ் 3 அடியில் உப்புப் பூத்து உதிர்ந்தால் அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது. இங்கே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற முடியாமல் இன்னும் மேலே ஏறி, 5 அடி, 6 அடியில் நல்ல பூச்சை உடைக்கும். ஏற்கனவே சிமென்ட் இருந்தால் உளி வைத்து எடுத்துவிட்டு, செங்கல்லை ஒரு கோடைகாலம் முழுக்கத் திறந்தே காயவிடுங்கள். உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி முறத்தில் அள்ளி வெளியே போடுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள் போகும்.

புதுப் பூச்சுக்குச் சுண்ணாம்பை முன்கூட்டியே நீற்றிவிட வேண்டும். தொட்டியில் முதலில் தண்ணீர், அதில் கற்சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது. சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். குழந்தைகளை அந்தக் கட்டுப் பக்கமே விடாதீர்கள். கொதி அடங்கியதும் சலித்து, மேலே 2 அங்குலம் தண்ணீர் நிற்கும்படி மூடி வையுங்கள். அடிப் பூச்சுக்கு 15 நாளாவது ஊற வேண்டும். மேல் பூச்சுக்கு மாதக் கணக்கில் ஊறினால் அத்தனையும் நல்லது. அவசரப்பட்டு எடுத்தால், நீறாத சிறு கட்டிகள் சுவரில் ஏறிய பிறகு ஈரத்தை உறிஞ்சி வெடித்து, அம்மைத் தழும்பு போலக் குழி விழும்.

அளவுகள்: அடிப் பூச்சு சுண்ணாம்புக் கூழ் 1, மணல் 3. அடுத்தது கூழ் 1, நன்றாகச் சலித்த மணல் 2. அதற்கு மேல் கூழ் 1, வெள்ளைக்கல் மாவு 1. கடைசியில் மணலே இல்லாமல், அம்மியில் வெண்ணெய்போல அரைத்த சுண்ணாம்பை வெள்ளைக்கருவோடு சேர்த்து மெல்லியதாக இழுத்து, வழவழப்பான கல்லால் தேய்ப்பது. வெள்ளைக்கருவின் அளவும், தயிர் சேர்ப்பதா என்பதும் கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். அதனால் முதலில் பின்கட்டில் 2 அடிக்கு 2 அடி மாதிரி போடச் சொல்லி, ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வளவில் கை வைக்க வேண்டும். கடல் மணல் கூடவே கூடாது.

முதல் இரண்டு அடுக்குகளுக்கு இடையே இறுகக் காலம் கொடுங்கள். கடைசி இரண்டுக்கும் இடையே கொடுக்காதீர்கள். கீழ் அடுக்கில் ஈரம் இருக்கும்போதே மேலடுக்கை ஏற்றித் தேய்த்தால்தான் இரண்டும் ஒன்றாகும். காய்ந்தபின் ஏற்றினால் சில மாதத்தில் சிப்பியாகக் கழன்று விழும். ஆகவே ஒரு நாளில் முடிக்கக்கூடிய பரப்பை மட்டும் எடுத்து, தூணோ நிலையோ வரும் இடத்தில் நிறுத்துங்கள். சுவரின் நடுவே நிறுத்தினால் இணைப்புக் கோடு என்றைக்கும் தெரியும்.

பின்கட்டு, வெளிச்சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தாலே போதும். சுவரை நனைத்துவிட்டு, பால் பதத்தில் மூன்று கை, ஒன்று காய்ந்தபின் ஒன்று. வெண்மைக்கு ஒரு சிட்டிகை நீலம். கெட்டியாக ஒரே கையில் அடித்தால் கையில் ஒட்டும், உதிரும்.

பூக்கல் தரை

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடிப் பலகையின் மேல் சட்டம் வைத்து, பூ அச்சுக்குள் வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்து, உலர்ந்த கலவையும் ஈரக் கலவையும் மேலே இட்டு, தண்ணீரில் ஊறவைத்து இறுக்கியது. வண்ணம் இருப்பது மேலே சில மில்லிமீட்டர் மட்டும். மொசைக் போல இயந்திரம் வைத்துத் தேய்த்தால் பூ அழிந்துவிடும். ஆசிட் பட்டால் வெளுத்துக் குழி விழும். கழிவறை கழுவும் திரவம் சொட்டியே பல பட்டாலைகளில் வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கிறது. புளி, எலுமிச்சை சிந்தினாலும் உடனே துடைத்துவிட வேண்டும்.

அன்றாடம் வெறும் தண்ணீர். மாதம் ஒரு முறை, ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடியும் தேய்த்தால் பளபளப்பு வரும். நடமாட்டமே அதற்குச் சிறந்த மெருகு. பூட்டிய வீட்டில் தரை மங்குவதற்குக் காரணம் அதுதான்.

உடைந்த கல்லை மாற்றும்போது பழைய கல்லில் ஒன்றை முழுதாக எடுத்து ஆத்தங்குடிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். படத்தில் நிறம் ஏமாற்றும். 10 அங்குலக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 144 கல் வேண்டும், பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சொல்லுங்கள். அந்த உபரியை உள்வீட்டில் அடுக்கி வைத்தால் அடுத்த பழுதுக்கு அதே நிறம் கிடைக்கும். பெயின்ட், மர வேலை எல்லாம் முடிந்த பிறகே கல் பதியுங்கள், கறை பட்டால் போகாது. பதித்தபின் தவிடு தூவித் தேய்த்து, பிறகு எண்ணெய்த் துணி.

தூண், கதவு, பூட்டு

தூணைத் தண்ணீரால் கழுவ வேண்டாம். தூசி தட்டி, ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவு கலந்து, துணியில் கொஞ்சமாகத் தொட்டுத் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். விட்டுவிட்டால் பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் தன்மை உடையது. விரித்துக் காயப்போட்டு அப்புறப்படுத்துங்கள். முகப்பு நிலையின் சிற்பத்துக்கு எனாமல் பெயின்ட் அடிப்பது பெரிய கேடு. கஜலட்சுமியின் கை விரலும் கொடியின் இலையும் இரண்டு பூச்சில் மூடிப்போகும்.

கெட்டுப்போன கீல், கொண்டி, வண்ணக் கண்ணாடி, தேக்குத் துண்டு ஆகியவற்றுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அதே காலத்து உருப்படி கிடைக்கும். அளவும் ஒரு காகிதத்தில் பிரதி வரைந்த வடிவமும் எடுத்துப் போங்கள். பெரிய பூட்டுகளுக்குச் சமையல் எண்ணெய் விட்டால் தூசியோடு சேர்ந்து இறுகிவிடும். பென்சில் கரியைப் பொடித்துச் சாவியில் தடவி நாலைந்து முறை திருப்பினால் போதும்.

பழைய மரப்பட்டி மின்கம்பிகளை முழுக்க மாற்றிவிட வேண்டும். துணி சுற்றிய கம்பி காய்ந்து உதிர்ந்திருக்கும். கூரை மரம் எரிய ஒரு பொறி போதும். ஒவ்வொரு கட்டுக்கும் தனி எம்.சி.பி. (மிகை மின்னோட்டத்தை நிறுத்தும் சுவிட்ச்), மொத்தத்துக்கு 30 மில்லியாம்பியர் கசிவுத் தடுப்பான் வைக்கச் சொல்லுங்கள்.

சாமான், படம், ஏடு

பித்தளை, வெண்கலப் பாத்திரங்களில் வெட்டியிருக்கும் விலாச எழுத்தை (குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகள்) பார்த்தே எது எந்தப் பங்கு என்று பிரிக்கலாம். பெயர், எழுத்து, எடை, இருக்கும் அறை ஆகிய நான்கையும் எழுதிப் படத்தோடு பட்டியல் போடுங்கள். பெண்ணுக்கு வந்த சாமான்களை எழுதிய முறைச்சிட்டை இருந்தால் அதோடு ஒத்துப்பாருங்கள். எழுத்துத் தேயும்படி பாலிஷ் போட விடாதீர்கள். புளியோடு மணல் சேர்த்துத் தேய்க்க வேண்டாம், புளிக் கரைசல் மட்டும் போதும்.

சுவரில் மாட்டிய ரவிவர்மா அச்சுப் படங்களின் பின்னால் ஈரம் தங்கித்தான் காகிதம் பழுப்புப் புள்ளி போடுகிறது. சட்டத்தின் கீழ் இரு மூலைகளிலும் அரை அங்குலத் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று போகும்.

பேரேடு, ஐந்தொகை, வட்டிச் சிட்டை, ரங்கூன் கடிதக் கட்டு எல்லாவற்றையும் மரப்பெட்டியிலிருந்து எடுத்து, இரும்பு அலமாரியில் தரையிலிருந்து 1 அடி உயரத்தில், படுக்கை வாட்டில் வையுங்கள். ரப்பர் வளையமும் செல்லோடேப்பும் காகிதத்தை அரிக்கும். பருத்தி நாடாவால் கட்டுங்கள். ஓலை என்றால் உலர்ந்த தூரிகையால் துடைத்து, எலுமிச்சைப்புல் எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் தடவலாம். ஒட்டிக்கொண்ட ஓலைகளைப் பிரிக்க முயலாதீர்கள். அதற்குத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பூட்டும் முன்

வாரம் ஒரு நாள் காலை எல்லாக் கட்டுகளின் கதவும் சன்னலும் திறந்து மாலை வரை காற்றாட விடச் சொல்லி, வீடு பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளத்தோடு ஒரு நோட்டும் கொடுங்கள். திறந்த தேதி, ஒழுகல், மண் கோடு, நகர்ந்த ஓடு மட்டும் எழுதினால் போதும். வவ்வால் புகாமல் சன்னலுக்கும் மாடக் காற்றுவழிக்கும் அரை அங்குலக் கம்பி வலை அடியுங்கள். துணியால் அடைத்தால் காற்றும் நின்றுவிடும். பெட்டக அறைகளில் மரச்சாமானைச் சுவரோடு ஒட்டாமல் 3 அங்குலம் தள்ளி வையுங்கள். மெயினை அணைத்து, மோட்டார் குழாயின் தண்ணீரை வடித்து, முற்றத்து வடிகால் வாயில் சல்லடை இருக்கிறதா என்று பார்த்து, கூடல்வாயில் இலை கிடந்தால் எடுக்கச் சொல்லிவிட்டு, சாவிகளில் கட்டு, அறை எண் எழுதிய தகடு கோத்து, ஒரு கொத்தை ஊரிலேயே இருக்கும் பங்காளியிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.